அமெரிக்கப் பாலைவனத்துல தொல்லியல்: எல்லாரும் என்கிட்ட கேக்குற கேள்விகள்

அரிசோனால தொல்லியல் பிஎச்டி பண்றேன், இது நாலாவது வருஷம், சொந்த ஊர் மதுரை பக்கம். லீவுக்கு ஊருக்குப் போனாலும் சரி, இங்க தமிழ் ஆளுங்க வீட்டுக்குப் பொங்கல் சாப்பிடப் போனாலும் சரி, அதே பத்துப் பதினஞ்சு கேள்விதான் வருது. வாய்ஸ் நோட் அனுப்பி அனுப்பி அலுத்துப்போச்சு, அதான் உக்காந்து எழுதிட்டேன். கேட்டவங்க வார்த்தையை அப்படியே போட்டிருக்கேன், பேரை மட்டும் எடுத்துட்டேன்.

ஆர்க்கியாலஜின்னா டைனோசர் எலும்பு தோண்டுறது தானே?

இல்ல இல்ல இல்ல. அது பேலியண்டாலஜி, டைனோசர் போய் ஆறரைக் கோடி வருஷம் ஆச்சு. எங்களுக்கு மனுஷன் கை பட்டிருக்கணும். யாராவது கல்லை உடைச்சிருக்கணும், அடுப்பு மூட்டியிருக்கணும், குப்பை கொட்டியிருக்கணும். உண்மையைச் சொன்னா முக்கால்வாசி குப்பை தான்.

அமெரிக்காவே 250 வருஷ நாடு, அங்க போய் என்ன பழசைத் தேடுற?

இதைக் கேக்காத சித்தப்பாவே கிடையாது. 1776ல வந்தது அரசாங்கம், மனுஷங்க இல்ல. நியூ மெக்சிகோல ஒயிட் சாண்ட்ஸ்னு வெள்ளை மணல் மேடா ஒரு இடம் இருக்கு, அங்க பழைய ஏரிக்கரைச் சேத்துல பதிஞ்ச மனுஷக் காலடித் தடங்களுக்கு 21,000ல இருந்து 23,000 வருஷம்னு 2021ல ஆய்வு வெளியாச்சு. அந்தத் தேதியை நிறைய பேர் நம்பல, அப்புறம் 2023ல வேற வழில டேட் பண்ணிப் பாத்தாங்க, அதே காலம் தான் வந்துச்சு. அந்தத் தடத்துல பாதிக்கு மேல சின்னப் பசங்க, டீனேஜ் பிள்ளைங்க காலு. ஏரிக்கரைல பசங்க ஓடி விளையாடாம இருப்பாங்களா.

அப்புறம் நீங்க ஃப்ளைட் மாறுற ஃபீனிக்ஸ் சிட்டி இருக்குல்ல, அந்த ஊருக்கு அடியில ஹோஹோகம்னு அந்தக் காலத்துப் பழங்குடி ஆளுங்க வெட்டின வாய்க்கால் நூத்துக்கணக்கான கிலோமீட்டருக்கு ஓடுது, மம்பட்டி கிடையாது, மாடு கிடையாது, குச்சியும் கல்லும் வச்சே வெட்டியிருக்காங்க. 1860கள்ல வந்த வெள்ளைக்காரங்க அந்தப் பழைய வாய்க்காலைத் தூர்வாரித்தான் விவசாயமே ஆரம்பிச்சாங்க. பழைய ஊரோட சாம்பல்ல இருந்து புது ஊர் எழும்புதுன்னு தான் ஃபீனிக்ஸ்னு பேரும் வச்சாங்க.

இன்னும் ஒண்ணு. நியூ மெக்சிகோல சாக்கோ கேன்யன்ல புவெப்லோ போனிட்டோன்னு ஒரு கல் கட்டடம், 600 ரூமுக்கு மேல, சில பக்கம் நாலு மாடி. 850 வாக்குல ஆரம்பிச்சு 1100 தாண்டியும் கட்டிக்கிட்டே இருந்திருக்காங்க. ராஜராஜன் தஞ்சாவூர்ல பெரிய கோயிலுக்குக் கும்பாபிஷேகம் பண்ணுன நேரம் இங்க அரைவட்டமா சுவர் ஏறிக்கிட்டு இருந்துச்சு. கூரைக்கு மரம் பக்கத்துல கிடையாது, 75 கிலோமீட்டர் தள்ளி மலையில வெட்டி ஆளுங்களே தூக்கிட்டு வந்திருக்காங்க. சக்கரமும் இல்ல, பாரம் இழுக்கிற மிருகமும் இல்ல. பழசு போதுமா சித்தப்பா?

அவ்ளோ வெயில்ல எப்படி எதுவும் அழியாம கிடக்கு?

வெயில் எதிரி இல்ல, ஈரம் தான் எதிரி. நம்ம ஊர் மண்ணுல துணி, கயிறு, கூடை எல்லாம் சீக்கிரம் மக்கிப்போகும், மிஞ்சுறது உடைஞ்ச பானை ஓடு, கல்லு, கொஞ்சம் எலும்பு. இங்க பாறை இடுக்குக்குள்ள மழை படாத இடத்துல யூக்கா நாருல பின்னுன செருப்பு, வான்கோழி இறகைச் சுத்திச் செஞ்ச போர்வை, மக்காச்சோளக் கட்டைன்னு எல்லாம் நேத்து போட்டது மாதிரி கிடக்கும். ஒரு மியூசியம் டிராயர்ல அந்தச் செருப்பு ஒண்ணைப் பாத்தேன், குதிகால் பக்கம் மட்டும் தேஞ்சு ஓட்டை, எங்க அப்பா செருப்பும் அங்க தான் தேயும்.

இதுல பெரிய ஹெல்ப் பண்ற ஆளு ஒரு எலி. பேக்ராட்னு பேரு. கண்டதையும் இழுத்துட்டு வந்து பொந்துல சேர்த்து, அது மேலயே மூத்திரம் பெஞ்சு வைக்கும், அது காஞ்சு கருப்பட்டி மாதிரி கெட்டியாயிரும். அந்தக் கட்டிக்குள்ள மாட்டுன இலையும் விதையும் 40,000 வருஷம் கூடத் தாங்கும். அதைத் தண்ணில கரைச்சுத்தான் அந்தக் காலத்துல இங்க என்ன மரம் இருந்துச்சுன்னு கண்டுபிடிக்கிறாங்க. ஆமா, லேப்ல நாறும்.

தினமும் என்ன தான் பண்ணுவ? நாள் பூரா தோண்டுவியா?

நடப்பேன். நிஜமாத்தான். வேலையில பெரும்பகுதி சர்வே தான். அஞ்சாறு பேர் ஆளுக்கு 15 மீட்டர் இடைவெளி விட்டு வரிசையா நின்னு, காம்பஸைப் பாத்துக்கிட்டு நேரா நடக்கணும், கண்ணு தரையிலயே இருக்கணும். பானை ஓடோ கல்லுச் சில்லோ கண்டா "ஓடு!"ன்னு கத்தணும், கம்பிக்கொடி ஒண்ணைக் குத்தணும், எல்லாரும் நிப்பாங்க. சுத்தி முத்தித் தேடி நிறையக் கிடைச்சா அது சைட், ஒண்ணு ரெண்டு தான்னா தனியா ஒரு வரி எழுதிட்டு அடுத்த நடை. வெயில்காலத்துல காலை நாலரைக்கு எந்திரிச்சு அஞ்சரைக்குள்ள வரிசையில நின்னுருவோம், மதியம் ஒரு மணிக்கு முடிச்சிருவோம், அதுக்கு மேல மூளை வேலை செய்யாது.

தோண்டுறப்போ ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம், பத்து பத்து சென்டிமீட்டரா இறங்கணும். கொத்தனார் வச்சிருக்கிற கரண்டி மாதிரிச் சின்னக் கரண்டி, அதைத் தினமும் அரம் வச்சுத் தீட்டி, மண்ணைச் சுரண்டிச் சுரண்டி எடுத்து சல்லடையில போட்டு சலிக்கணும். மண்ணு கலர் மாறுதான்னு பாக்க ஒரு கலர் புக் இருக்கு, பெயின்ட் கடை கேட்லாக் மாதிரி, ஈர மண்ணை அந்தத் தாள் ஓட்டைக்குப் பின்னாடி பிடிச்சு நம்பர் எழுதணும். ஒரு மணி நேரம் தோண்டினா ரெண்டு மணி நேரம் ஃபார்ம் நிரப்பணும். விஏஓ ஆபீஸ்ல கூட இவ்ளோ பேப்பர் இருக்காது.

பாம்பு தேள் எல்லாம் இருக்குமே, பயமா இல்லையாமா? (அம்மா, அத்தை, பக்கத்து வீட்டு ஆன்ட்டி எல்லாரும்)

பாம்பு பரவால்ல, ராட்டில் ஸ்னேக் பெரும்பாலும் வாலை ஆட்டிச் சத்தம் போட்டுச் சொல்லிரும், நம்ம ஊரு கட்டுவிரியன் மாதிரி இல்ல. தேளு ராத்திரி ஊதாக் கலர் டார்ச் அடிச்சா பச்சையா மின்னும், படுக்குறதுக்கு முன்னாடி டென்ட்டைச் சுத்தி அடிச்சுப் பாத்துருவோம், காலையில ஷூவைத் தட்டிட்டுத்தான் போடணும். சோயான்னு ஒரு கள்ளி இருக்கு, லேசா உரசுனாலே உருண்டை உருண்டையா ஒட்டிக்கும், கையால எடுத்தா கையில ஒட்டும், அதனால எல்லார் பையிலயும் ஒரு சீப்பு இருக்கும். முதல் வாரம் எனக்கு இது தெரியாது. தெரிஞ்சுக்கிட்டேன்.

நான் பயப்படுறது கண்ணுக்குத் தெரியாத ரெண்டு விஷயத்துக்கு. ஒண்ணு வேலி ஃபீவர், இந்த மண்ணுல இருக்கிற ஒரு பூஞ்சை, தூசியோட மூச்சுல போனா நுரையீரல்ல உக்காந்துக்கும், மண்ணைச் சலிக்கிற எங்களுக்கு நல்ல சான்ஸ். அதனால காத்தடிக்கிற நாள்ல மாஸ்க். இன்னொண்ணு தண்ணி. பாலைவனத்துல வெள்ளமான்னு சிரிப்பீங்க, ஜூலை ஆகஸ்ட் மழைக்காலத்துல இருபது மைல் தள்ளி மலையில பெஞ்ச மழை இங்க காஞ்ச ஓடையில சுவரு மாதிரி வரும், தலைக்கு மேல வானம் நீலமா இருக்கும். ஓடைக்குள்ள வண்டியை நிறுத்தவே கூடாது.

தங்கம் கிங்கம் ஏதாவது கிடைச்சுதா? பெருசா என்ன கண்டுபிடிச்ச?

தங்கம் கிடையாது. இந்தப் பக்கத்துப் பழைய ஆளுங்க தங்க நகை செய்யல, அவங்களுக்கு டர்காய்ஸ்னு நீலப்பச்சைக் கல்லு தான், அப்புறம் கடல் சிப்பி. சாக்கோல ரொம்பப் பேசப்பட்ட சமாச்சாரம் சாக்லேட். புவெப்லோ போனிட்டோல ஒரே ரூம்ல நூத்துக்கு மேல உருளை ஜாடி கிடைச்சுது, எதுக்குன்னு ஒரு நூறு வருஷம் யாருக்கும் புரியல. 2009ல அந்த மாதிரி ஜாடியோட உடைஞ்ச துண்டைச் சுரண்டி டெஸ்ட் பண்ணாங்க, கக்காவோ இருந்துச்சு, சாக்லேட் செய்யுற கொட்டை. கக்காவோ இங்க விளையாது, தெற்க மெக்சிகோ மழைக்காட்டுப் பக்கம் இருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல நடந்து வந்திருக்கணும்.

நான் கண்டது சின்னது. சமைக்கிற பானைக்கு வெளிப்பக்கம் வழவழன்னு தேய்க்காம, களிமண் கயிறை அடுக்கி ஒவ்வொரு வரியையும் விரலால அமுக்கி அமுக்கி விட்டிருப்பாங்க, முறுக்குச் சுத்துறாப்ல. என் ரெண்டாவது சீசன்ல அப்படி ஒரு பானைத் துண்டைத் தண்ணி தெளிச்சு வெயில்ல சாய்ச்சுப் பிடிச்சேன், அந்தப் பள்ளத்துக்குள்ள ரேகை தெரிஞ்சுது. என் ஆள்காட்டி விரலை வச்சுப் பாத்தேன், கொஞ்சம் சின்ன விரல். பானைன்னாலே பொம்பளைங்க வேலைன்னு தான் ரொம்ப நாளா எழுதிக்கிட்டு இருந்தாங்க, 2019ல சாக்கோ காலத்து ஓட்டு ரேகைகளோட அகலத்தை அளந்து பாத்தப்போ ஆம்பளைங்களும் ஏறக்குறைய சரிபாதி செஞ்சிருக்காங்கன்னு வந்துச்சு.

அப்புறம் அம்மி. இங்க மெட்டாட்டேன்னு பேரு, குழவிக்கு மானோ. முட்டி போட்டு ரெண்டு கையாலயும் தள்ளித் தள்ளி சோளம் அரைக்கிறது. சில வீட்டுல மூணு கல்லை வரிசையாப் பதிச்சிருப்பாங்க, முதல் கல்லு சொரசொரன்னு, அடுத்தது கொஞ்சம் நைஸ், கடைசி ரொம்ப நைஸ். எங்க க்ரூல இதை முதல்ல பாத்ததும் "இது எங்க பாட்டி வீட்டுல இருக்கு"ன்னு சொன்னது நான் தான், யாரும் நம்பல, போன்ல படத்தைக் காட்டினேன்.

இது 1100, அது 1250ன்னு எப்படி அடிச்சுச் சொல்ற? எவன் பாத்தான்?

மரம் பாத்துச்சு. இங்க மழை பெஞ்ச வருஷம் மரத்துல வளையம் அகலமா விழும், பெய்யாத வருஷம் ஒல்லியா விழும். அந்த அகலம் ஒல்லி வரிசை பார்கோடு மாதிரி, ஒரு ஏரியா மரம் எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கும். இப்ப நிக்கிற மரத்துல ஆரம்பிச்சு பழைய உத்தரத்தோட வரிசையைப் பொருத்திப் பொருத்திப் பின்னாடி போகலாம். இதை ஆரம்பிச்சவர் ஏ.இ. டக்ளஸ், அவர் வானியல் ஆளு, சூரியன்ல புள்ளி வர்றதுக்கும் மழைக்கும் சம்பந்தம் இருக்கான்னு பாக்க மரத்தை வெட்டிப் பாத்தவரு.

அவர்கிட்ட ரெண்டு துண்டு வரிசை இருந்துச்சு. ஒண்ணு இன்னைக்கு வரைக்கும் தொடர்ந்து வருது, இன்னொண்ணு பழைய ஊர் உத்தரங்கள்ல எடுத்த 585 வருஷ வரிசை, ஆனா அது எந்த நூற்றாண்டுன்னே தெரியாது, அந்தரத்துல தொங்குது. 1929 ஜூன்ல அரிசோனா ஷோ லோ ஊர்ல ஒரு கரிஞ்ச உத்தரம் கிடைச்சுது, நம்பர் எச்எச்-39. ராத்திரி விளக்கு வெளிச்சத்துல உக்காந்து எண்ணினா 1237ல ஆரம்பிச்சு 1380 வரைக்கும் போகுது, ரெண்டு துண்டும் ஒட்டிக்கிச்சு. ஒரே ராத்திரில சாக்கோ, கொலராடோல இருக்கிற மேசா வெர்டே பாறை வீடு எல்லாத்துக்கும் வருஷம் விழுந்துருச்சு. அவர் ஆரம்பிச்ச லேப் 1937ல ஃபுட்பால் ஸ்டேடியத்துக்கு அடியில தற்காலிகமாப் போய் 2013 வரைக்கும் அங்கேயே கிடந்துச்சு, தற்காலிகம்னா எல்லா ஊர்லயும் அப்படித்தான் போல.

ஒரு வில்லங்கம் இருக்கு. மரம் வெட்டுன வருஷம் தெரியணும்னா பட்டைக்குக் கீழ இருக்கிற கடைசி வளையம் வேணும், செதுக்கிட்டா போச்சு. அதோட பழைய வீட்டு உத்தரத்தைப் பிடுங்கிப் புது வீட்டுக்குப் போட்டிருந்தா மரம் சொல்ற வருஷமும் வீட்டோட வருஷமும் ஒண்ணு இல்ல.

அந்த ஆளுங்க எல்லாம் திடீர்னு மாயமா மறைஞ்சுட்டாங்களாமே, யூட்யூப்ல பாத்தேன், ஏலியன்ஸ்னு...

இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்குக் கோவம் வரும், ஸாரி. யாரும் மறையல. இடம் மாறினாங்க. மேல சொன்ன அதே மர வளையம் தான் 1276ல இருந்து 1299 வரைக்கும் பெரிய வறட்சின்னு காட்டுது, அதுக்கு முன்னாடியே விறகு, நிலம், சண்டைன்னு நெருக்கடியும் இருந்துருக்கு. மேசா வெர்டே பாறை வீடுகள் 1300க்குள்ள காலி. கிளம்புன குடும்பங்கள் தெற்கேயும் கிழக்கேயும் போய் ரியோ கிராண்டே ஆத்துப் பக்கமும், ஹோப்பி, ஜூனி, ஆக்கோமா ஊர்கள்லயும் சேர்ந்தாங்க. அந்த ஊர்கள் இன்னைக்கும் இருக்கு. நியூ மெக்சிகோல மட்டும் புவெப்லோன்னு சொல்ற ஊர்கள் 19, அரிசோனால ஹோப்பி. 1680ல இவங்க எல்லாம் ஒண்ணு சேர்ந்து ஸ்பெயின்காரனை அடிச்சு வெரட்டி 12 வருஷம் உள்ள விடல. மறைஞ்சு போனவங்க செய்யுற வேலையா இது?

ஹோப்பி ஆளுங்க பழைய ஊர்களை இன்னும் ஆள் இருக்கிற இடமாத்தான் பேசுவாங்க, பாறையில இருக்கிற சுருள் கோடும் தரையில இருக்கிற ஓடும் முன்னோர் வச்சுட்டுப் போன காலடின்னு சொல்லுவாங்க. நாங்களும் இப்ப "கைவிட்ட ஊர்"னு எழுதுறதில்ல.

அப்ப அனசாசின்னு புக்ல படிச்சேனே, செவ்விந்தியர்னு தானே சொல்லணும்?

ரெண்டும் வேணாம். அனசாசிங்கறது நவஹோ மொழிச் சொல்லு, 'எதிரியோட முன்னோர்'ங்கற மாதிரி அர்த்தம் சொல்றாங்க. உங்க தாத்தாவை அடுத்த ஊர்க்காரன் வச்ச பேர்ல பாடப்புத்தகத்துல போட்டா சும்மா இருப்பீங்களா? இப்ப ஆன்செஸ்ட்ரல் புவெப்லோன்னு எழுதுறோம், ஹோப்பில ஹிசாட்சினோம். செவ்விந்தியர் நம்ம பள்ளிக்கூடப் புத்தகத்துல இருந்து ஒட்டிக்கிட்டது, அதை விட்டுட்டு எந்த மக்களோ அவங்க பேரையே சொல்லிருங்க, ஹோப்பி, ஜூனி, நவஹோ, ஓ'ஓதம்னு.

எனக்கு வேற கூத்து. ஒரு பெட்ரோல் பங்க்ல நவஹோ பாட்டி ஒருத்தங்க எந்த ஊருன்னு கேட்டாங்க, நான் யோசிக்காம "இந்தியன்"னு சொல்லிட்டேன், அவங்க "நாங்களும் தான், நீ எந்தப் பக்கம்?"னு கேட்டுச் சிரிச்சாங்க. அப்புறம் நேரமும் குழப்பும். அரிசோனா கோடைக்குக் கடிகாரத்தை மாத்தாது, நவஹோ நாடு மாத்தும், அதுக்கு நடுவுல இருக்கிற ஹோப்பி மாத்தாது, ஒரே ரோட்டுல போகும்போது போன்ல மணி முன்னும் பின்னும் குதிக்கும்.

ஆயிரக்கணக்குல கிடக்குன்னு சொல்ற, ஒரே ஒரு ஓடு எடுத்துட்டு வாயேன், ஷோகேஸ்ல வைக்க

முடியாது அண்ணா. 1979ல போட்ட சட்டம், அரசு நிலத்துலயும் பழங்குடி நிலத்துலயும் 100 வருஷத்துக்கு மேல பழசான எதையும் பெர்மிட் இல்லாம எடுத்தா முதல் தடவையே ஒரு வருஷம் ஜெயில், 10,000 டாலர் அபராதம் வரைக்கும் போகும். எனக்கு விசாவும் போகும்.

சட்டத்தை விடுங்க. ஓடு கிடக்குற இடம் தான் தகவல். எந்தச் சுவருக்குப் பக்கத்துல, எந்த ஓட்டோட சேர்ந்து கிடந்துச்சுங்கறது போச்சுன்னா அது வெறும் உடைஞ்ச பானை. அரிசோனால பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட்னு கல்லா மாறுன மரம் கிடக்குற பார்க் இருக்கு, அங்க கல்லைத் திருடிட்டுப் போனவங்க மனசு உறுத்தி மன்னிப்புக் கடிதத்தோட பார்சல்ல திருப்பி அனுப்புறாங்க. எங்க இருந்து எடுத்ததுன்னு தெரியாததால திரும்ப அதோட இடத்துல வைக்க முடியாது, பார்க்ல ஒரு ஓரமா குவியலாப் போட்டு வச்சிருக்காங்க.

நானும் யோக்கியம் இல்ல. முதல் சீசன்ல ஒரு கறுப்பு வெள்ளைப் பானை ஓட்டை அளக்க எடுத்தேன், யாரோ கூப்பிட்டாங்க, சட்டைப் பையில போட்டுட்டு ஓடினேன், ராத்திரி கேம்ப்ல துணி மாத்தும்போது தான் கையில தட்டுப்பட்டுச்சு. வயித்தைக் கலக்கிருச்சு. க்ரூ லீடர்கிட்ட சொல்லிட்டு மறுநாள் விடியக்காலை ஜிபிஎஸ் புள்ளியைப் பாத்துக்கிட்டு மூணு கிலோமீட்டர் நடந்து போனேன். கம்பிக்கொடி குத்துன ஓட்டை மண்ணுல அப்படியே இருந்துச்சு, ஓடு இருந்த இடத்துல அதோட அச்சுக் கூட இருந்துச்சு. வச்சுட்டு வந்தேன்.

எலும்புக்கூடு கிடைச்சா என்ன பண்ணுவீங்க?

கரண்டியைக் கீழ வச்சுருவோம். வேலை நிக்கும், மூடிருவோம், அந்த மண்ணுக்குச் சொந்தமான மக்களோட ஆபீஸுக்குப் போன் போகும், அவங்க சொல்றது தான் முடிவு. 1990ல வந்த சட்டப்படி மியூசியத்துலயும் யுனிவர்சிட்டிலயும் இருக்கிற எலும்பையும் புதைகுழிப் பொருளையும் வம்சாவளிக்குத் திருப்பித் தரணும். முப்பது வருஷமா இழுத்தடிச்சாங்க, 2024 ஜனவரில விதியை இறுக்கி, சம்மதம் இல்லாம காட்சிக்கு வைக்கக் கூடாதுன்னதும் பெரிய பெரிய மியூசியங்கள் கண்ணாடிப் பெட்டியை மூடினாங்க.

சிக்கல் எங்கன்னா, 2017ல புவெப்லோ போனிட்டோல ஒரு ரூம்ல 1896லயே தோண்டி எடுத்திருந்த எலும்புகள்ல டிஎன்ஏ பாத்து, ஒரே தாய் வழிக் குடும்பம் 300 வருஷத்துக்கு மேல அந்த ரூம்ல புதைக்கப்பட்டிருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. அருமையான முடிவு. ஆனா புவெப்லோ மக்கள்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. முதல் வருஷம் வகுப்புல நான் "ரிசல்ட் முக்கியம்"னு வாதாடினேன். இப்ப அப்படிப் பேச மாட்டேன். டிஎன்ஏ எடுக்கறேன்னு எங்க பாட்டி பல்லை யாரோ கேக்காம ட்ரில் பண்ணினா எனக்கு அந்த ரிசல்ட்டைப் படிக்கவே தோணாது.

கீழடி மாதிரி இருக்குமா?

குழி, சல்லடை, பேப்பர் எல்லாம் ஒண்ணு தான். பெரிய வித்தியாசம், கீழடில ஓட்டுல தமிழி எழுத்தோட பேரு இருக்கு, இங்க எழுத்தே கிடையாது, பாறைக் கோட்டை எழுத்துன்னு படிக்க முடியாது. அங்க கரித்துண்டை ஃப்ளோரிடா லேபுக்கு அனுப்பித் தேதி வாங்கினாங்க, கார்பன் தேதி முன்ன பின்ன இடைவெளியோட வரும், இங்க மரம் சரியா அமைஞ்சா வருஷமே சொல்லும். அந்த விஷயத்துல நாங்க கொடுத்து வச்சவங்க.

இதைப் படிச்சா வேலை கிடைக்குமா அக்கா? நானும் அப்ளை பண்ணலாமா?

பண்ணு, ஆனா தெரிஞ்சுட்டுப் பண்ணு. பார்க், ஃபாரஸ்ட் சர்வீஸ் மாதிரி அரசு வேலை பெரும்பாலும் சிட்டிசனுக்குத் தான். என்எஸ்எஃப்னு அமெரிக்க அரசோட அறிவியல் நிதி அமைப்பு தர்ற கிராஜுவேட் ஃபெலோஷிப்பும் நமக்குக் கிடையாது. மிச்சம் இருக்கிறது தனியார் கம்பெனிகள், ரோடு போடுறதுக்கும் சோலார் பண்ணை வைக்கிறதுக்கும் முன்னாடி நிலத்தைப் பாத்துக் கொடுக்கிறது, 1966 சட்டத்தால நாட்டுல முக்கால்வாசி தொல்லியல் வேலை அதுல தான் ஓடுது. படிப்பு முடிஞ்சு ஓபிடின்னு வேலை பாக்கத் தர்ற அனுமதில ஒரு வருஷம் அதுல ஒட்டிக்கலாம், அதுக்கு மேல எச்1பி போடுற கம்பெனி கம்மி. ஐடி மாமா பையனோட சம்பளத்தைக் கம்பேர் பண்ணாத, தூக்கம் போயிரும்.

நம்ம ஊர்லயே தோண்ட அவ்ளோ இருக்கு, நீ ஏன் அடுத்தவங்க வரலாற்றைப் போய்த் தோண்டுற?

இதைக் கேட்டது என் தாத்தா. நேரா பதில் சொல்லத் தெரியல, மர வளையம் படிக்க வந்தேன், அப்புறம் ஒட்டிக்கிட்டேன்னு ஏதோ சொன்னேன்.

போன வருஷம் ஒரு புவெப்லோ ஊர்ல இருந்து பெரியவர் ஒருத்தர் நாங்க பதிவு பண்ற சைட்டைப் பாக்க வந்தாரு. ஊரையும் பேரையும் போட அவர்கிட்ட கேக்கல, அதனால விட்டுட்டேன். மேல சொன்ன மூணு கல்லு இருக்கிற இடத்துல ரொம்ப நேரம் நின்னாரு. நான் என் போன்ல பாட்டி அம்மில தேங்காச் சட்னி அரைக்கிற வீடியோவைக் காட்டினேன். ரெண்டு தடவை பாத்தாரு. "சரியாத் தள்ளுறாங்க, ஆனா ஏன் பக்கவாட்டுல உக்காந்திருக்காங்க, இடுப்பு வலிக்காதா?"ன்னு கேட்டாரு. அவங்க பாட்டி முட்டி போட்டுத்தான் அரைப்பாங்களாம், அரைக்கிறப்போ பாட்டு இருக்குமாம். பாட்டு என்னன்னு நான் கேக்கல, அவரும் சொல்லல. கிளம்பும்போது நாங்க படம் எடுக்கத் திருப்பிப் போட்டிருந்த ஓடு ஒண்ணைக் குனிஞ்சு எடுத்து, கோலம் மண்ணைப் பாக்குற மாதிரி கவுத்து வச்சுட்டுப் போனாரு.

தாத்தாவுக்குப் போன் பண்ணி இதைச் சொன்னேன். அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு தான், இடுப்பு வலிக்கு அந்த ஊர்ல என்ன தேய்ப்பாங்கன்னு கேட்டுச் சொல்லு.